வயலுக்கடியில் ரோமானிய வில்லா: எந்தக் கருவியைக் கொண்டுபோவது?

கோதுமை அறுத்த பிறகு ஆறு வாரம் நிலத்தைத் தருகிறேன், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்றார் விவசாயி. அக்டோபர் பிறந்தால் அடுத்த விதைப்பு. தென் இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரின் சாக் என்னும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மேட்டுச் சரிவில் நான்கு ஹெக்டேர் வயல், நம் கணக்கில் பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு உழவிலும் ரோமானியக் கூரை ஓட்டுத் துண்டுகள் மேலே வரும். கூடவே மொசைக் தரையில் பதிக்கிற சின்னச் சின்னச் சதுரக் கற்களும். கீழே ஒரு வில்லா இருக்கிறது என்பதில் எங்கள் உள்ளூர்த் தொல்லியல் சங்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கே, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதுதான் தெரியாது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இரவில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்கும் ஆட்கள் இங்கே உண்டு. கட்டுரை தமிழில் இருந்தாலும் மொழிபெயர்த்துப் படிக்க இப்போது ஒரு பொத்தான் போதுமே.

தோண்டப் பணமும் இல்லை, அனுமதியும் இல்லை. தோண்டாமல் பார்க்கத்தான் ஆறு வாரம். வார இறுதிகள் மட்டும் என்றால் பன்னிரண்டு நாள். வேலைக்கு எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் ஓய்வு பெற்றவர்கள். சங்கத்தின் சொந்தச் சொத்தாக ஒரு பழைய மின்தடை மீட்டர் இருந்தது. காந்தமானி வேண்டுமானால் பக்கத்து மாவட்டச் சங்கத்திடம் இரவல் கேட்கலாம். தரை ஊடுருவும் ரேடார் வேண்டுமானால் வாடகை கொடுக்க வேண்டும், கையிருப்பு முழுதும் போட்டாலும் இரண்டு நாளுக்குத்தான் வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம். அந்த வாக்குவாதத்தில் தேறியதைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எந்தக் கருவி சிறந்தது" என்ற கேள்வியே கோணல். சுவரைத் தேடுகிறோமா, பண்ணையைத் தேடுகிறோமா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

கீழே என்ன மிச்சம் இருக்கும்

வில்லா என்றதும் தூண் வரிசை, நீச்சல் குளம், திராட்சைக் கொடி என்று மனம் போகும். அப்படியும் ஒன்று உண்டு: 1960-ல் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது தட்டுப்பட்ட ஃபிஷ்போர்ன் அரண்மனை. ஆனால் பிரிட்டனின் பெரும்பாலான வில்லாக்கள் பண்ணை வீடுகள்தான். ஒரு குடும்பம் வசிக்கும் வீடு, தானியக் களஞ்சியம், மாட்டுக் கொட்டில், தானியம் உலர்த்தும் சூளை, வசதி இருந்தால் ஒரு குளியல் கட்டடம், எல்லாவற்றையும் சுற்றி எல்லை அகழி. கி.பி. நான்காம் நூற்றாண்டில் இவை செழிப்பின் உச்சத்தில் இருந்தன. ஐந்தாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டன. பிறகு ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள்.

ஆக, எங்கள் வயலில் இருக்கக்கூடியது ஒரு முழச் சொச்சம் உழவு மண், அதன் கீழே சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டிய கடைக்கால். சில இடங்களில் அதுவும் இருக்காது, கல்லைப் பெயர்த்த பள்ளம் மட்டும் மண் மூடிக் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தரை. மூன்று கருவிகளும் இந்த மிச்சத்தைத்தான் தேடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு குணத்தைப் பிடித்துக்கொண்டு தேடுகிறது.

கருவியைத் தொடும் முன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: செயற்கைக்கோள் படங்களையும் பழைய வான்வழிப் படங்களையும் வருட வாரியாகப் பார்ப்பது. சுவருக்கு மேல் மண் ஆழம் குறைவு என்பதால் வறட்சியில் அங்கே பயிர் முதலில் காயும். அகழிக்கு மேல் கடைசிவரை பச்சையாக இருக்கும். 2018 கோடை வறட்சியில் பிரிட்டன் முழுக்க இப்படிக் கோடுகள் வெளிவந்தன. எங்கள் வயலில் ஒரே ஒரு வருடப் படத்தில், கிழக்கு மூலையில், ஒரு கோணல் கோடு. அவ்வளவுதான். விமானத்திலிருந்து லேசரால் நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கும் லைடார் தரவையும் இறக்கிப் பார்த்தோம். பல காலம் உழுத நிலத்தில் மேடு பள்ளம் ஏது, ஒன்றுமில்லை.

மின்தடை மீட்டர்

தமிழ்நாட்டில் போர்வெல் போடும் முன் நீரோட்டம் பார்க்க வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காயைக் கையில் வைத்துப் பார்ப்பவரை அல்ல. நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, மின்சாரம் செலுத்தி, மீட்டரில் எண் குறித்துக்கொள்கிறவரை. இங்கேயும் அதே தத்துவம்தான், ஆழம் மட்டும் வேறு. அவர் ஐம்பது, நூறு மீட்டர் கீழே பார்க்கிறார். நாங்கள் முக்கால் மீட்டர் பார்த்தால் போதும்.

ஈர மண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும், கல்லிலும் காரையிலும் திணறும். சுவர் இருக்கும் இடத்தில் ஓம் கணக்கு ஏறும், மண் நிரம்பிய அகழியில் இறங்கும். பிரிட்டிஷ் தொல்லியலில் இதை முதலில் கையாண்டவர் ரிச்சர்ட் அட்கின்சன். 1946-ல், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டார்செஸ்டரில், வரலாற்றுக்கு முந்தைய அகழிகளைத் தேடி. அன்றைக்கு ஒவ்வொரு அளவீட்டுக்கும் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டார்கள். இப்போது ஒரு சட்டத்தில் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள். அந்தச் சட்டத்தைத் தூக்கித் தூக்கி ஊன்றிக்கொண்டு நடக்க வேண்டும். மீதி இரண்டு முனைகளைக் குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி நட்டுவிட்டு, நீண்ட கேபிளால் இணைத்துவிடுவார்கள். அரை மீட்டருக்கு முப்பது மடங்கு, அதனால் பதினைந்து. அவ்வளவு தள்ளி இருந்தால்தான் நாம் நடக்க நடக்க அந்தத் தூரம் மாறுவது எண்ணைப் பாதிக்காது.

20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம், மீட்டருக்கு ஒரு ஊன்றல். ஒரு கட்டத்துக்கு 400 ஊன்றல். ஒரு ஹெக்டேருக்கு 25 கட்டம், ஆக 10,000 ஊன்றல். எங்கள் ஆட்கள் ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம் முடித்தால் அது நல்ல நாள். நான்கு ஹெக்டேருக்கு 100 கட்டம், பன்னிரண்டரை நாள். எங்களிடம் இருப்பதோ பன்னிரண்டு. ஒரு நாள் மழை வந்தாலும் கணக்கு உடைந்துவிடும், இது இங்கிலாந்து வேறு.

ஆனால் மழையே வராவிட்டாலும் கஷ்டம்தான். ஆகஸ்ட் கடைசியில் சாக் நிலம் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். முனை மண்ணைச் சரியாகத் தொடாது, மீட்டரில் எண் நிற்காமல் துள்ளும். சுவரைச் சுற்றியுள்ள மண்ணும் காய்ந்துவிட்டால் கல்லுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் எங்கிருந்து வரும்? எல்லாம் ஊறிக்கிடக்கும் குளிர்காலத்திலும் அதே கதை. இரண்டுக்கும் நடுவே, மேல் மண் ஈரமாகவும் சுவருக்கு மேல் உள்ள மண் கொஞ்சம் காய்ந்தும் இருக்கும் சில வாரங்கள்தான் இதற்குப் பொற்காலம்.

இவ்வளவு குறை சொன்னாலும், வில்லாவின் வீட்டுப் பகுதிக்கு எனக்குப் பிடித்த கருவி இதுதான். காரணம், இது கொடுக்கும் படத்தைப் படிக்க நிபுணர் தேவையில்லை. கல் கறுப்பு, மண் வெள்ளை. அறைகள் அறைகளாகவே தெரியும், முன்புறத் தாழ்வாரம் தாழ்வாரமாகவே தெரியும். கருவி வலுவானது, எளிமையானது, மூன்றில் விலையும் குறைவு. எழுபது வயதுக்காரர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு சாயங்காலம் வரை ஊன்றுவார், நடுவில் தேநீர் மட்டும் வேண்டும்.

காந்தமானி

இது வேகத்தின் கருவி. ஒரு மீட்டர் நீளக் குழாய், மேலும் கீழும் ஒவ்வொரு உணரி. பூமியின் காந்தப்புலம் தென் இங்கிலாந்தில் சுமார் 49,000 நானோடெஸ்லா. மண்ணுக்குள் இருக்கும் ஒரு அகழி அதை ஐந்தோ ஆறோ நானோடெஸ்லா மாற்றினால் பெரிய விஷயம். அவ்வளவு சின்ன மாற்றத்தைப் பிடிக்கத்தான் இரண்டு உணரி. நாள் முழுக்கப் புலம் தானாக ஏறி இறங்குவது இரண்டிலும் ஒரே மாதிரி பதிவாகும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தரைக்கு அருகில் இருப்பது மட்டும் மிஞ்சும்.

மண்ணுக்குக் காந்தம் எங்கிருந்து வந்தது? மண்ணில் உள்ள இரும்புச் சேர்மங்கள் தீயாலும் நுண்ணுயிர்களாலும் காந்தத் தன்மை கூடியவையாக மாறுகின்றன. மனிதர்கள் வாழ்ந்த இடத்து மேல்மண்ணில் இது அதிகம். அந்த மண் அகழியில் போய் நிரம்பினால், சுற்றியுள்ள வெள்ளை சாக் பாறையில் காந்தமே இல்லாததால், பளிச்சென்று தெரியும். சுட்ட மண் என்றால் கேட்கவே வேண்டாம். சூளையில் களிமண் சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடேறி ஆறும்போது, அன்றைய பூமியின் காந்தத் திசையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். 1958-ல் பீட்டர்பரோ அருகே வாட்டர் நியூட்டனில் சாலையை அகலப்படுத்த இருந்த இடத்தில், மார்ட்டின் எய்ட்கன் காந்தமானியை இறக்கி ரோமானிய மண்பாண்டச் சூளைகளைக் கண்டுபிடித்தது இந்தக் குணத்தை நம்பித்தான்.

ஊன்ற வேண்டாம், நடந்தால் போதும். இரண்டு குழாய் பொருத்திய கருவியில் மீட்டருக்கு ஒரு கோடு என்றால் ஒரு ஹெக்டேருக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. ஒரு நாளைக்கு இரண்டு ஹெக்டேர் முடியும். எங்கள் வயல் இரண்டு நாள் வேலை. சக்கர வண்டியில் பல உணரிகளைக் கட்டி இழுத்தால் இன்னும் வேகம். ஷ்ராப்ஷயரில் ராக்ஸிடர் ரோமானிய நகரத்தை ஒட்டிய ஆட்டிங்கம் எஸ்டேட்டில் 1,000 ஹெக்டேருக்கு மேல் காந்தமானியால் அளந்து, அதுவரை யாருக்கும் தெரியாத இரண்டு வில்லாக்களைக் கண்டதாக நேஷனல் டிரஸ்ட் 2025-ல் அறிவித்தது. அந்தப் பரப்பை மின்தடை மீட்டரால் ஊன்ற ஒரு ஆயுள் போதாது.

ஆனால் கருவியைச் சுமப்பவர் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. பெல்ட் பக்கிள், ஜிப், சாவி, கைப்பேசி, ஷூ லேஸ் வளையம் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வயல் ஓரத்தில் நின்று ஆளாளுக்குக் கால்சட்டையைச் சோதித்துக்கொள்ளும் காட்சி எங்கும் கிடைக்காது. ஒரு ஞாயிறு உதவிக்கு வந்த என் மனைவி, பருத்திப் பேன்ட், ரப்பர் காலணி என்று பொறுப்பாகத்தான் வந்திருந்தாள். கருவியை மாட்டிக்கொண்டு வடக்கே பார்த்து நின்றால் ஒரு எண், தெற்கே திரும்பினால் வேறு எண். மூன்று முறை சமன்செய்தும் சரியாகவில்லை. தாலிச் சங்கிலி தங்கம், தங்கத்துக்குக் காந்தம் கிடையாது என்று சங்கத்தலைவருக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள்: சங்கிலியில் கோத்து வைத்திருந்த மூன்று ஊக்குகள். அவசரத்துக்கு உதவும் என்று அம்மா கோத்துக் கொடுத்தது. ஊக்கைக் கழற்றியதும் எண் அடங்கியது. அந்த ஊக்குகள் இருபது நிமிடம் ஒரு வேலிக்கம்பத்தின் மேல் தொங்கின. "இதற்கா இவ்வளவு நுணுக்கம்?" என்று கேட்டார் தலைவர். ஆமாம், இதற்குத்தான்.

சரி, குறைக்கு வருவோம். வில்லாச் சுவர் சிக்கிமுக்கிக் கல், சாக், சுண்ணாம்புக்கல் என்றால் காந்தமானிக்கு அது கிட்டத்தட்டக் காற்று. சுற்றியுள்ள மண்ணைவிடக் காந்தம் குறைவு என்பதால் மங்கலான வெள்ளைக் கோடாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். இடிந்து சரிந்த கூரை ஓடுகள் அந்த இடம் முழுக்கப் பரவியிருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு ஓடும் சுட்ட மண், இப்போது ஒவ்வொன்றும் ஒரு திசையில் கிடக்கிறது. படத்தில் மிளகும் உப்பும் கலந்து கொட்டியது போலத்தான் இருக்கும். வீடு இருக்கும் இடம் தெரியும், வீடு தெரியாது.

இன்னொரு வினை நவீன காலத்தது. நகரங்களில் சேரும் தோட்டக் கழிவை உரமாக்கி வயல்களில் கொட்டுகிறார்கள். அதில் ஆணி, கம்பி, டப்பா மூடி என்று நுணுக்கிய உலோகம் கலந்திருக்கும். ஒருமுறை கொட்டிய வயலில் காந்தமானி குருடாகிவிடும். அதனால் விவசாயியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வரலாறு பற்றியது அல்ல, "உரம் எங்கே வாங்கினீர்கள்?" என்பதுதான். எங்கள் வயலில் ஆட்டுப் புழுக்கைதான் போட்டிருக்கிறார்கள், பிழைத்தோம்.

ரேடார்

கூட்டத்தில் இளைய உறுப்பினர்கள் எல்லாம் ரேடார் கட்சி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரோமுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ஃபலேரி நோவி என்ற கைவிடப்பட்ட நகரத்தை, கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழக அணி ரேடாரால் முழுதாக அளந்து 2020-ல் வெளியிட்ட படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மதிலுக்குள் 30.5 ஹெக்டேர். நாற்சக்கர பைக்கின் பின்னால் கருவியைக் கட்டி இழுத்து, 12.5 செ.மீ.க்கு ஒரு அளவீடு. கோயில், சந்தை, குளியல் வளாகம் எல்லாம் கட்டட வரைபடம் போல் வந்தன, ஒரு மண்வெட்டிகூடப் படவில்லை.

ரேடார் ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்ப எத்தனை நானோ விநாடி ஆகிறது என்று பார்க்கிறது. காற்றில் அலை ஒரு நானோ விநாடிக்கு 30 செ.மீ. ஓடும், காய்ந்த மண்ணில் சுமார் 10 செ.மீ. ஆக 20 நானோ விநாடியில் எதிரொலி வந்தால் பொருள் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில். இதுதான் ரேடாரின் தனி வரம்: ஆழம். மற்ற இரண்டும் மேலிருந்து பார்த்த ஒரே படத்தைத் தரும், அதில் எது மேலே எது கீழே என்று பிரிக்க முடியாது. ரேடார் தரவையோ வெங்காயத்தை வெட்டுவது போல் அடுக்கடுக்காக வெட்டலாம். முப்பது சென்டிமீட்டரில் உழவுக் கோடு, ஐம்பதில் சுவர், எழுபதில் அந்தச் சுவருக்கு முன்பு இருந்த பழைய சுவர். வீட்டை இரண்டு மூன்று முறை இடித்துக் கட்டியிருந்தால் இந்த வசதிக்கு மாற்றே இல்லை.

இதற்குப் பகை ஈரக் களிமண். அலையை அது உறிஞ்சிவிடும், அரை மீட்டருக்குக் கீழே இருட்டு. எங்கள் வயல் சாக் என்பதால் பெரும்பகுதிக்குப் பயமில்லை, மேட்டின் தலையில் மட்டும் களிமண் தொப்பி. எங்களைத் தயங்க வைத்தது வேறு. ஆன்டெனா தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அறுவடை முடிந்த வயலில் விறைத்து நிற்கும் தாளும், டிராக்டர் சக்கரத் தடங்களும், முஷ்டி அளவு சிக்கிமுக்கிக் கற்களும். ஒவ்வொரு குதிப்பும் தரவில் ஒரு பொய். புல்தரை என்றால் வேறு கதை.

நடையும் அதிகம். அரை மீட்டருக்கு ஒரு கோடு என்றால் ஹெக்டேருக்கு 20 கிலோமீட்டர். சுவரை ஒழுங்காகப் பார்க்க விரும்பி 25 செ.மீ. வைத்தால் 40. ஒற்றை ஆன்டெனா, இரண்டு நாள் வாடகை. அடித்துப்பிடித்து ஓடினாலும் ஒரு ஹெக்டேர்தான் தேறும். எந்த ஒரு ஹெக்டேர்? வீடு எங்கே என்று தெரியாமல் ரேடாரை இறக்குவது, இருட்டு அறையில் டார்ச்சைச் சுவரின் ஒரு மூலைக்கு மட்டும் அடித்துப் பார்ப்பது மாதிரி.

நடந்து முடித்த பிறகும் வேலை தீராது. ஃபலேரி நோவி அணி கையால் அலசினால் ஹெக்டேருக்கு 20 மணி நேரம் ஆகும் என்று கணக்குச் சொன்னது, அவர்கள் நிபுணர்கள். எங்கள் சங்கத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர், அவருக்கும் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள்.

வாக்குவாதம்

மூத்தவர்கள் மின்தடை, இளையவர்கள் ரேடார், நடுவில் நான். இரு தரப்பும் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மொசைக் தட்டுப்படுமா என்பதுதான் அடிமனத்து ஆசை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: எந்தக் கருவியும் மொசைக்கைக் காட்டாது. கெட்டியான தரை என்று சொல்லும், அதில் படம் இருக்கிறதா வெறும் காரையா என்று சொல்லாது. 2017-ல் பெர்க்ஷயரின் பாக்ஸ்ஃபோர்டில் ஊர்த் தன்னார்வலர்கள் வெளிக்கொணர்ந்த, கிரேக்கப் புராணக் காட்சிகள் நிறைந்த மொசைக்கும் மண்ணைத் தோண்டிய பிறகுதான் முகம் காட்டியது.

நான் எடுத்துக்காட்டியது ரட்லாண்டை. 2020-ல் ஒரு வயலில் கிரேக்கப் புராண வீரன் அகில்லீஸின் கதை சொல்லும் மொசைக் கிடைத்தது. இங்கிலாந்து முழுக்கப் பேச்சு. ஆனால் அதைச் சுற்றி நடந்த புவி இயற்பியல் ஆய்வு காட்டியதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு: தூண் வரிசை வைத்த களஞ்சியங்கள், வட்டக் கட்டடங்கள், குளியல் கட்டடமாக இருக்கக்கூடிய ஒன்று, எல்லாவற்றையும் வளைத்த எல்லை அகழிகள். மொசைக் ஒரு அறை, மற்றதெல்லாம் சேர்ந்துதான் வில்லா. அந்த அறைக்குச் சோறு போட்டது அந்தக் களஞ்சியங்கள்தானே.

அதனால் நான் சொன்னது: இரவல் காந்தமானியால் முதல் வார இறுதியிலேயே நான்கு ஹெக்டேரையும் நடந்துவிடுவோம். அகழிகள் தெரியும், நெருப்பு எரிந்த இடங்கள் தெரியும். தரைக்கடியில் வெப்பக் காற்று ஓட்டிய அறைகள் இருந்தால் அவற்றின் அடுப்பு வாய் நிச்சயம் தெரியும். அங்கேதான் வீடு. பிறகு செப்டம்பர் நடுவில் மழை விழுந்து மண் நெகிழ்ந்ததும், அந்த இடத்தில் மட்டும் மின்தடை மீட்டரை ஊன்றுவோம். ரேடார் பணத்தைத் தொட வேண்டாம்.

ரேடார் கட்சிக்காரர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்: காந்தமானியில் ஒன்றுமே தெரியாவிட்டால்? அப்படி நடக்கும். எரிமலைப் பாறை நிலமாக இருந்தால், இரும்பு வேலிக்கு நடுவே குறுகிய தோட்டமாக இருந்தால், நகரப் பூங்காவாக இருந்தால் நானே ரேடாருக்குக் கை தூக்குவேன். சிச்செஸ்டரின் பிரையரி பூங்காவில் புல்வெளிக்கடியில் ரோமானிய வீடுகளின் அறைகள் தெரிந்தது ரேடாரால்தான். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக இருந்து தோண்டவே வாய்ப்பில்லை என்றாலும் ரேடார்தான், ஆழத்தைச் சொல்ல வேறு வழி இல்லையே. அத்தகைய இடத்தில் எந்தக் கருவியை இறக்கவும் 1979-ஆம் வருடத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, பழஞ்சின்னங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்திடம் உரிமம் வாங்க வேண்டும், நிலத்துக்காரர் தலையாட்டினால் மட்டும் போதாது. எங்கள் வயல் இந்த எதிலும் சேராது. ஐந்துக்கு மூன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

வயலில்

காந்தமானி இரண்டு நாளில் முடிய வேண்டியது, ஊக்குப் புண்ணியத்தில் இரண்டரை. வயலின் கிழக்குப் பாதியில் இரட்டை அகழி ஒரு செவ்வகத்தை வளைத்திருந்தது. வான்வழிப் படத்தில் பார்த்த கோணல் கோடு அதன் ஒரு மூலை. செவ்வகத்துக்கு வெளியே, தெற்கில், ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. அடுப்பு ஒரு முனையில், புகை வழி குறுக்கே. தானியம் உலர்த்தும் சூளை இந்த வடிவத்தில்தான் இருக்கும். உள்ளே வடக்கு ஓரத்தில் மிளகும் உப்பும், அதன் நடுவில் இரண்டு வலுவான புள்ளிகள். சுவர் ஒன்றுகூட இல்லை. மின்தடைக் கட்சியின் முகத்தில் ஒரு புன்னகை.

மழை செப்டம்பர் மூன்றாவது வாரம்தான் வந்தது. அதற்குள் விவசாயி இரண்டு முறை டிராக்டரில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மிளகு உப்பு இருந்த இடத்தில் மட்டும் பதினைந்து கட்டம், இரண்டு நாள், 6,000 ஊன்றல். கடைசிக் கட்டத்தை இறக்கி முடித்தபோது இருட்டிவிட்டது. வேனுக்குள் மடிக்கணினியைச் சுற்றி எட்டுத் தலைகள். நீளமாக ஒரு தாழ்வாரம், அதன் பின்னால் வரிசையாக ஏழு அறைகள், மேற்குக் கோடியில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு அரைவட்டம். காந்தமானியின் இரண்டு புள்ளிகளும் அந்த அரைவட்டத்தின் ஓரத்திலும் ஐந்தாம் அறையின் ஓரத்திலும் போய் உட்கார்ந்தன. கிழக்குக் கோடியில் சுவர்கள் மங்கி மங்கி மறைந்தன. அங்கே சரிவு அதிகம், ஏர் கடைக்கால்வரை தின்றிருக்கிறது.

படத்தில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. ஈரம் பிடித்த மண். மூன்றாம் அறையை ஊடுருவி, தாழ்வாரத்தை வெட்டி, சரிவில் நேராக இறங்கியது. குளியல் கட்டடத்தின் கழிவுநீர் வாய்க்கால் என்றார் ஒருவர். மேட்டு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் என்றார் இன்னொருவர். ரேடார் இருந்திருந்தால் அது சுவருக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று இந்நேரம் தெரிந்திருக்கும் என்று மூன்றாமவர் சொன்னபோது, என்னிடம் பதில் இல்லை.

படத்தை அச்சடித்து விவசாயியின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். சமையலறை மேசையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அறைகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அந்த வெள்ளைக் கோட்டின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"இது எங்கப்பா போட்ட குழாய். கீழே ஆட்டுத் தொட்டிக்கு. பிளாஸ்டிக்."

தோண்டும்போது கல், ஓடு ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"வந்ததே, ஒரு டிரெய்லர் நிறைய. வாசல் கேட்டுக்கிட்ட சேறாக இருந்தது, அங்கே கொட்டி நிரவிட்டோம்" என்றார். அந்தக் கேட்டுக்கு முன்னால்தான் ஆறு வாரமும் எங்கள் வேனை நிறுத்தியிருந்தோம்.